பீச்சாங்கைக் கட்டை

சித்தப்பாவின் துப்பாக்கிக்குக் கழுத்து விட்டுப்போயிருந்தது. விசைக்குப் பின்னால், கை வளைத்துப் பிடிக்கிற இடத்தில், மரக்கட்டை ஒல்லியாக இருக்கும். அதைத்தான் கழுத்து என்போம். அங்கே ஒரு விரிசல். சித்தப்பா அதன்மேல் செப்புக் கம்பி சுற்றி, கம்பிமேல் கறுப்பு டேப் சுற்றி, டேப் பிரியாமல் இருக்க நூலும் கட்டி வைத்திருந்தார். விழுப்புரம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை அவருக்கு. உலகத்தில் எது உடைந்தாலும் டேப் சுற்றினால் சரியாகிவிடும் என்பது அவர் கொள்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரைஃபிள் கிளப்பில் சுபேதார் அதைப் பார்த்துவிட்டார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியில் எங்கள் கிளப்பின் சுடுமைதானத்தைக் கவனித்துக்கொள்பவர்.

"இன்னா சார் இது, ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுக்கினு வந்த மாதிரி?"

"நல்ல டேப்புங்க சுபேதார்" என்றார் சித்தப்பா.

"டேப்பு நல்ல டேப்புதான். கட்டதான் கெட்ட கட்ட. ஒடஞ்சி இந்தப் பொண்ணு மூஞ்சில அடிச்சா யாரு பதில் சொல்றது? வேற கட்ட போட்டாத்தான் இனிமே சுடற கோட்டுல படுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பங்குனி உத்திரம் கழிந்து வரும் ஞாயிறு, மெட்ராஸ் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். பெண்கள் பிரிவில் எங்கள் கிளப்புக்கு ஒரே ஓர் இடம். அதற்கு நானும், ஒரு டாக்டர் வீட்டுப் பெண்ணும். அவளிடம் சொந்தத் துப்பாக்கி. என்னிடம் சித்தப்பா. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு, திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போய்க்கொண்டு, வருகிற வரன்களுக்கெல்லாம் காபி கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் விழுப்புரத்துக்கு ஓடிவருவதே அதற்காகத்தான்.

துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாயிண்ட் டூ-டூ ரைஃபிள், தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். ஒரு முறை விசையை இழுத்தால் ஒன்று வெடிக்கும். காலித் தோட்டாவைத் தானே வெளியே துப்பி, அடுத்ததைத் தானே உள்ளே எடுத்துக்கொள்ளும். பாண்டிச்சேரியை விட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடம் சித்தப்பா முறையாக லைசென்ஸ் மாற்றி வாங்கியது. குழாய் மேல் என்னவோ பிரெஞ்சில் எழுதியிருக்கும். இரும்பு அத்தனையும் மணிமணியாக இருந்தது. மரம் மட்டும்தான் கிழடு. அதுவும் நெட்டையான வெள்ளைக்காரருக்குச் செய்த மரம். அதைத் தோளில் வைத்தால் என் விரல் விசையை எட்டுவதற்குள் தோள்பட்டை காதுக்குப் போய்விடும். கன்னம் வைக்க மேடும் கிடையாது. மொழுமொழுவென்று ரெண்டு பக்கமும் சப்பை. கன்னம் அந்தரத்தில் தொங்கும்.

அதற்குமேல் இன்னொன்று. எனக்கு எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கை. அது அம்மா சின்ன வயதில் அடித்துத் திருத்தியது. மற்றதெல்லாம் இடது. குறி பார்ப்பதும் இடது கண். கல்லூரி என்.சி.சி.யில் ஹவில்தார் எத்தனை முறை மாற்றி வைத்தாலும், அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பாக்கி இடது தோளுக்கு வந்துவிடும். சித்தப்பாவின் துப்பாக்கி காலித் தோட்டாவை வலது பக்கம் துப்பும். வலது கைக்காரருக்கு அது வெளிப்பக்கம். எனக்கோ அது துப்பாக்கியைத் தாங்குகிற வலது கைக்கு நேராக வரும். ஒவ்வொரு வெடிக்கும் கண்ணாடி வளையலில் பட்டு டிங். சுபேதார் அதற்கு ஜலதரங்கம் என்று பேர் வைத்திருந்தார்.

ஆகவே எங்களுக்கு வேண்டியது வெறும் கட்டை இல்லை. குட்டையாக, லேசாக, கன்னத்துக்கு மேடு வைத்த, இடது கைக் கட்டை. நான் ஒரு வாரம் அட்டையை வெட்டி வெட்டி ஒட்டி அளவு பார்த்தேன். முழங்கை மடிப்பில் கட்டையின் பின்பக்கத்தை முட்டுக்கொடுத்தால் ஆள்காட்டி விரல் விசையில் உட்கார வேண்டும். அதுதான் நீளம். கனம் அதிகமானால் துப்பாக்கி அசையாது, ஆனால் என் கை அசையும். இதையெல்லாம் சித்திக்கு இழை இழையாக விளக்கினேன். சித்தி மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே, "மாப்ள பாக்கறதுக்குக்கூட இவ்ளோ அளவெடுக்கலியேடி" என்றாள்.

கட்டை தேட பாண்டிச்சேரிக்குக் கிளம்பினோம். சித்தப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. இரும்பு பீரோவை விட்டு வெளியே போகாது; மரம் மட்டும்தான் ஊர் சுற்றும். தச்சர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதாவது! அதனால் பழைய கட்டையை மட்டும் கழற்றி, மஞ்சள் பையில் போட்டு, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் குள்ளமானவர். டிக்கெட் கிழித்துக்கொண்டே பையைப் பார்த்தார்.

"இன்னாம்மா அது?"

"கட்டைங்க."

"யாரு?"

பின்சீட்டில் ஒருத்தர் சிரிக்கத் தொடங்க, பஸ்ஸே சிரித்தது. "ஐயோ, உங்கள இல்லீங்க, பையில கீறதுங்க" என்று நான் பதற, "பையில கீறதும் கட்ட, பைக்கு வெளிய நிக்கிறதும் கட்ட, ரைட் போலாம்" என்று அவரே விசில் ஊதிவிட்டார். சித்தப்பா பாண்டிச்சேரி வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

துப்பாக்கிக் கடையில் மூன்று கட்டைகள் எடுத்துப் போட்டார்கள். ஒன்று கறுப்பு ஃபைபர், சீமைச் சரக்கு. தொட்டால் பிளாஸ்டிக் வாளி மாதிரி சில்லென்று இருந்தது; எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஆனால் இரும்பை அதில் உட்கார வைக்க வழியே இல்லை, வேறு துப்பாக்கிக்கு வார்த்தது. இன்னொன்று தேக்கு, வெறும் முரடு. மூன்றாவதைப் பார்த்ததும் சித்தப்பா விழுந்துவிட்டார். பளபளவென்று பாலீஷ் போட்டு, பக்கவாட்டில் ஒரு மான் துள்ளுகிற மாதிரி செதுக்கியிருந்தது. கன்னத்துக்கு மேடும் இருந்தது.

"எவ்ளோ ஜோரா கீது பாரு" என்றார்.

வாங்கி இடது தோளில் வைத்துப் பார்த்தேன். மேடு என் கன்னத்துக்கு எதிர்ப்பக்கம், சும்மா காற்றுக்குக் கன்னம் கொடுத்துக்கொண்டு நின்றது. மான் என்னையே முறைத்தது.

"பாப்பா, அது சோத்தாங்கைக் கட்டம்மா. கைய மாத்திப் புடி" என்றார் கடைக்காரர்.

"எனக்கு இந்தக் கைதாங்க."

"பீச்சாங்கைக்கா? பீச்சாங்கைக்கு எவன்மா கட்ட செய்வான்?"

சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் பக்கம் இடது கைக்குப் பேர் அதுதான், எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அந்தப் பேர் அந்தக் கை செய்கிற வேலையை வைத்து வந்த பேர். அதை அண்ணன் மகளைப் பார்த்து ஒருத்தர் கடையில் வைத்துச் சொன்னது அவருக்குத் தாங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

"படிச்ச பொண்ணு நீ. அந்த வார்த்த நம்ம வாயால எங்கயும் வரக் கூடாது. இடதுன்னு அழகா ஒரு வார்த்த கீது இல்ல?"

"கீது சித்தப்பா."

அன்றைக்கே வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு குயிலாப்பாளையம் போனோம். ஆரோவில்காரர்களுக்கு நாற்காலி, ஜன்னல், விளையாட்டுச் சாமான் எல்லாம் செய்து கொடுக்கிற ஒரு தச்சுப் பட்டறை அங்கே இருப்பதாகச் சித்தப்பாவின் சிநேகிதர் சொல்லியிருந்தார். முந்திரித் தோப்புக்கு நடுவே செம்மண் பாதை. போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவின் வெள்ளை வேட்டி காவியாகியிருந்தது. பட்டறைக்காரர் சின்ன வயசு, முப்பதுகூட இருக்காது, காதில் பென்சில், வாயில் எப்போதும் ஒரு கிண்டல். எங்கள் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளக்காரங்க ஊஞ்சல் கேட்டாங்க, மூக்கு மாதிரி கண்ணாடி ஸ்டாண்டு கேட்டாங்க. துப்பாக்கிக்குக் கட்ட கேட்டவங்க நீங்கதான் சார் மொதல்ல. சுடறது யாரு? சாரா?"

"நான்தாங்கண்ணா."

"ஆத்தாடி" என்று இரண்டடி தள்ளி நின்றார்.

அங்கேதான் எனக்குத் தலைகால் புரியாமல் போனது. சுவரோரம் பலகை பலகையாக மரம். ஈட்டி மரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அழகு, ஆனால் இரும்புக் கனம். வேங்கையில் ரேகை அள்ளிக்கொண்டு போயிற்று. தேக்கு எண்ணெய் வாசனை. கடைசியில் ஒரு பூவரசம் பலகை. லேசாகவும் இருந்தது, விரலால் சுண்டினால் கெட்டிச் சத்தமும் வந்தது, நடுவில் சாக்லெட் நிறம் ஓடியது. கழுத்து வரும் இடத்தில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே போனால் மறுபடி விரியும் என்று நான் பலகையின் மேல் குனிந்து பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். முழங்கையை மடக்கி நீளம் கொடுத்தேன். அப்போது பின்னால் சித்தப்பா, குரலைத் தணித்து, மிக மரியாதையாகச் சொன்னார்:

"கன்னம் வெக்கிற மேடு மட்டும் இடது பக்கம் வரணுங்க."

"இடது பக்கந்தானே சார்? சரி சார்" என்றார் பட்டறைக்காரர்.

இடது என்ற வார்த்தை என் காதிலும் விழுந்தது. சரியாகத்தான் பட்டது. பலகையிலிருந்து தலையை எடுக்காமல் "ஆமாங்கண்ணா" என்று நானும் சொன்னேன்.

பங்குனி உத்திரத்துக்கு நான்கு நாள் முன்னால் கட்டை தயார் என்று தகவல் வந்து, சித்தப்பாவே போய் வாங்கிவந்துவிட்டார். இரும்பைப் பூட்டியும் வைத்துவிட்டார். உத்திரத்துக்கு அம்மாவோடு பனமலை மலைக்கோயில் போய்விட்டு, சாயங்காலம் நான் மட்டும் விழுப்புரம் வந்து இறங்கினேன். சித்தப்பா கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் பெட்ஷீட் விரித்து, பெண் பார்க்க வந்த வீடு மாதிரி துப்பாக்கியைக் கிடத்தியிருந்தார். தேங்காயெண்ணெய் பூசியதில் பூவரசு தேன் நிறத்துக்கு வந்திருந்தது. நீளம் என் முழங்கைக்கு அப்படியே பொருந்தியது. தோட்டா இல்லை என்று திறந்து பார்த்துக்கொண்டு, இடது தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தேன்.

கன்னம் சப்பையில் போய் விழுந்தது. மேடு அந்தப் பக்கம்.

நான் கீழே இறக்கிவிட்டு மறுபடி வைத்தேன், மறுபடி வைத்தால் மாறிவிடும் என்பதுபோல. இடது தோளில் வைக்கிறவள் கட்டைக்கு வலது பக்கம்தான் கன்னம் வைக்க முடியும்! அட்டையில் ஒரு வாரம் வெட்டி ஒட்டியவளுக்கு, பிசிக்ஸ் படித்தவளுக்கு, இது தெரியாதா? தெரியும். ஆனால் "இடது" என்று கேட்டதும் நம்முடையதுதான் என்று நினைத்துவிட்டேன்.

"இடது பக்கம்னுதானே சொன்னேன்" என்றார் சித்தப்பா மெதுவாக.

சித்தி அடுக்களை வாசலில் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அடங்கவில்லை. "இடது பக்கம்னு சொன்னீங்க, இடது பக்கம் வந்துகீது. பீச்சாங்கைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் புரிஞ்சிக்கினு செஞ்சிருப்பான். கௌரத பாத்தீங்க, கட்ட தலகீழா பூடிச்சி."

சித்தப்பா அதை வாங்கித் தன் வலது தோளில் வைத்துப் பார்த்தார். மேடு சரி, நீளம் போதவில்லை. குழந்தை ஸ்பூனைப் பிடித்த பெரியவர் மாதிரி இருந்தார். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அழவும் முடியவில்லை.

"இங்க குடுங்க பாப்போம்" என்று சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளும் என் உயரம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தத் துப்பாக்கியை அவள் தொட்டதில்லை. வலது தோளில் வைத்தாள், கன்னத்தைச் சாய்த்தாள், விரல் விசையில் போய் உட்கார்ந்தது. அவளுக்கென்றே கடைந்தெடுத்தது மாதிரி.

"அடிப்பாவி" என்றார் சித்தப்பா.

"நல்லாத்தான் கீது" என்றாள் சித்தி, சுவரில் தொங்கிய காலண்டரைக் குறி பார்த்துக்கொண்டே. இறக்கவே இல்லை.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. பழைய கட்டையைப் போட்டால் சுபேதார் கோட்டில் விடமாட்டார். ஒரு பகல் முழுக்க வலது தோளில் வைத்து முயன்று பார்த்தேன். இடது கண்ணை மூடினால் வலது கண்ணில் தண்ணீர் வந்தது. மூடாவிட்டால் காலண்டரில் இரண்டு முருகர் தெரிந்தார். மறுநாள் காலை, இரும்பைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு, கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு நானே தனியாகக் கிளம்பினேன். சித்தி வாசல் வரை வந்தாள்.

"தோ, பாரு. அந்த இடது பக்கத்து மேட்ட மட்டும் செதுக்கிடச் சொல்லாத. அது என்னுது."

பட்டறையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் ஊஞ்சல் பலகைக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்றார்கள். மரம் சீவுகிற இழைப்புளிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று நான் வாசலில் இருந்தே உரக்கச் சொல்லிவிட்டேன்: "அண்ணா, எனக்குப் பீச்சாங்கைக் கட்ட வேணும்!"

இழைப்புளிகள் அத்தனையும் நின்றன. பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், தன் தலையில் அடித்துக்கொண்டார்.

"யம்மா, நீ பீச்சாங்கையா? அத சொல்லக் கூடாதா! இந்த வெள்ளக்காரங்கள்லாம் வந்து லெஃப்ட்டு லெஃப்ட்டுன்னு வெக்கமில்லாம சொல்லிக்கினு கீறாங்க. உங்க சித்தப்பா என்னாத்துக்கு ஏதோ ரகசியம் சொல்றாப்ல இடது பக்கம், இடது பக்கம்னாரு? நானும் சரி, சாருக்கு என்னவோ வேண்டுதலு போலன்னு நெனச்சிட்டேன்."

"இப்ப என்னாண்ணா பண்றது? ஞாயித்துக்கெழம சுடணும். புதுசா செய்ய நேரமில்ல."

"இன்னாத்துக்குப் புதுசு? அதே பலகைல மீதி கீது. வலது பக்கமும் ஒரு கன்னம் ஒட்டிட்டாப் போச்சு. அந்தக் கன்னத்த இழச்சிடவா?"

"வேணாம், வேணாம். அது எங்க சித்தியோடது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பேஜாரான குடும்பம்மா உங்களுது" என்றார். அவரே பெஞ்சில் என்னை உட்கார வைத்து, கட்டையை என் தோளில் வைக்கச் சொல்லி, கன்னம் படும் இடத்தில் பென்சிலால் சுற்றி வரைந்தார். மீதிப் பலகையிலிருந்து ஒரு துண்டு அறுத்து, குடைந்து, பசை போட்டு, உள்ளிருந்து திருகாணி முடுக்கி இறுக்கினார். காய்கிறவரை முந்திரித் தோப்பில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கொட்டகையில் எவரோ கொடுத்த சுக்குக் காபி, கன்னத்தில் இன்னும் பென்சில் கோடு, மடியில் மரத்தூள். எனக்கு அன்றைக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தேர்வைப் பற்றிய பயம்கூடச் சந்தோஷத்தில்தான் சேர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்குவாரியில் சுபேதார் கட்டையைக் கையில் வாங்கினார். கழுத்தை முறுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், குறை எதுவும் அகப்படவில்லை. பிறகு முன்னாலிருந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, பொன்னுக்கு வீங்கி வந்தாப்ல ரெண்டு கன்னமும் ஊதிகீது?"

"ஒண்ணு அவளுது, ஒண்ணு எங்க வூட்டுக்காரம்மாவுது" என்றார் சித்தப்பா. சித்தி அவித்த மல்லாட்டைத் தூக்குடன் பின்னால் பாறையில் உட்கார்ந்திருந்தாள். சுபேதாருக்குப் புரியவில்லை, ஆனால் "சரி, கட்ட கெட்டி. படு" என்றார்.

படுத்தேன். சேலை மடிப்பை இடது தோளில் ஊக்கு குத்தி வைப்பது நம் வழக்கம். கட்டை உட்காரும் இடமும் அதுதான். அதனால் அன்றைக்கு ஊக்கைக் கழற்றி, சேலைக்கு மேலே சித்தப்பாவின் காக்கிச் சட்டையைப் போட்டிருந்தேன். கன்னத்தைச் சாய்த்தேன். அந்தரத்தில் தொங்கவில்லை, தலையணையில் வைத்த மாதிரி போய் அமர்ந்தது. முன்குறியும் பின்குறியும், நான் தேடாமலே, ஒரே நேர்கோட்டில் நின்றன. எத்தனை மாதமாக இதை நான் கழுத்தை நீட்டி நீட்டித் தேடிக்கொண்டிருந்தேன்! விசையை இழுத்தேன். வளையலில் டிங். மறுபடி டிங். டாக்டர் வீட்டுப் பெண் நன்றாகத்தான் சுட்டாள். பொய் சொல்லக் கூடாது. சுட்டு முடித்து அவள் என்னிடம் வந்து, "உங்க வளையல் சத்தத்துல எனக்கு எண்ணிக்கையே விட்டுப்போச்சு" என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் கை நிதானமாகும்.

சுபேதார் இலக்குக் காகிதங்களைக் கழற்றிக்கொண்டு வந்தார். வெயிலுக்கு எதிரே ஒவ்வொன்றாகப் பிடித்து ஓட்டைகளைப் பார்த்தார். என் காகிதத்தைப் பார்த்ததும் மறுபடி ஒருமுறை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நடுவில் ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, எலி கடித்த மாதிரி ஒரே கிழிசலாக இருந்தது.

"மெட்ராசுக்குப் போறது..." என்று ஆரம்பித்துக் கூட்டத்தைப் பார்த்தார். பெண்கள், குடும்பம் எல்லாம் நிற்கிறதே என்று வார்த்தையைத் தேடினார். "அதான், அந்த... இந்த... வேற கைல சுடற பொண்ணு..."

சித்தப்பா தொண்டையைச் செருமினார். கல்குவாரி முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"பீச்சாங்கைன்னே சொல்லுங்க சுபேதார்! எங்க வூட்டுப் பொண்ணுதான்!"

குவாரிச் சுவரில் பட்டு அந்த வார்த்தை இன்னொரு முறை திரும்பி வந்தது. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மஞ்சள் பையைத் தேடிக்கொண்டிருந்தார். பையில் போட வேண்டிய கட்டை அங்கே இல்லை. அது இரும்போடு இன்னும் கோட்டில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் சித்தி மல்லாட்டைத் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுபேதாரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"ஏங்க, இந்தப் பக்கத்துக் கன்னம் சும்மா தானே கீது. நான் ஒரு தபா படுக்கட்டா?"